பூவாயி எடுக்காத பசி

ஆனைமேடு என்று ஓர் ஊர் இருந்ததாம். அந்த ஊர் அரண்மனையில் நெல் குத்தப் பூவாயி என்று ஒருத்தி இருந்தாளாம். ஆள் நெல் கொட்டி வைக்கும் குதிர் மாதிரி இருப்பாள். அவள் அம்மாவும் குதிர், அம்மாவைப் பெத்தவளும் குதிர். அரண்மனைச் சமையல்காரன் சிங்கமுத்துவோ முருங்கைக்காய் மாதிரி இருப்பான்.

தினம் ஒரு பானைச் சோறு காணாமல் போக, ராஜா அதட்ட, சிங்கமுத்து பூவாயி பக்கம் கையை நீட்டினான்.

"சாட்சி எதுக்கு மகாராஜா? உடம்பே சொல்லுதே!"

சபையே சிரித்தது.

"ஒரு மாசம் தவணை. இளைச்சுக் காட்டு. இல்லேன்னா ஊரை விட்டுப் போ" என்றார் ராஜா.

பூவாயிக்குப் போக வேறு ஊர் கிடையாது. அதனால் முதல் பத்து நாள் பாதிச் சோறு தின்றாள், பசி இரண்டு மடங்கு ஆனது. அடுத்த பத்து நாள் கால் சோறு தின்றாள், பசி நாலு மடங்கு ஆனது. கடைசிப் பத்து நாள் வெறும் நீராகாரம், கனவெல்லாம் சோறு. உடம்போ, பஞ்சம் வந்துவிட்டதென்று பயந்து, இருந்ததைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டது. இடுப்புச் சுற்று ஒரு விரல்தான் குறைந்தது.

தவணை முடிந்து சபைக்கு வந்தவளிடம், "திருட்டுத்தனமா தின்னிருக்கே. எதுக்குடி இத்தனை பசியை எடுத்தே?" என்றார் ராஜா.

பூவாயிக்கு வந்ததே கோபம்!

"பசி எடுக்குதுன்னுதானே ஊரெல்லாம் சொல்லுது? பசியை நான் எடுத்தேன்னு எவளாவது சொல்லிக் கேட்டிருக்கீங்களா? அது தானா எடுக்குது. எனக்கு ஒரு அளவு, அவனுக்கு ஒரு அளவு. உடம்புதான் சாட்சின்னா அவன் வயித்தையும் விசாரிங்க. ரெண்டு பேரையும் மூணு நாள் பூட்டி, ஒரே அளவு சோறு போடுங்க!"

பூட்டினார்கள். முதல் நாள் சிங்கமுத்து சீட்டியடித்தான். இரண்டாம் நாள் சுவரைச் சுரண்டினான். மூன்றாம் நாள் கதவை உதைத்தான்.

"ஐயோ, இந்தச் சோறு எந்த மூலைக்குக் காணும்? தினம் ஒரு பானை தின்னு பழகின வயிறுய்யா இது!"

கதவுக்கு வெளியே ராஜாவே நின்றுகொண்டிருந்தார். அத்தனை தின்றும் ஒட்டாத உடம்பா என்று ஊரே வாயைப் பிளந்தது. சிங்கமுத்துவைக் கழுத்தைப் பிடித்து எல்லைக்கு அந்தப் பக்கம் தள்ளினார்கள்.

"போனது போகட்டும் பூவாயி. இருந்தாலும் நீ கொஞ்சம் இளைச்சா நல்லது" என்றார் ராஜா.

"என் வயித்தை நான் பார்த்துக்கறேன் மகாராஜா. ஆளைப் பார்த்துத் தீர்ப்பு சொல்லுச்சே உங்க வாய், அதை முதல்ல இளைக்க வையுங்க."

சொல்லிவிட்டு வீட்டுக்குப் போய், வயிறாரச் சாப்பிட்டாள். அவள் உண்டும் முடிந்தது, கதையும் முடிந்தது பிள்ளைகளா. அடுத்தவன் இலையை எட்டிப் பார்க்காமல் அவரவர் இலையில் சாப்பிடுங்கள்.