திரும்பி நடந்த யூடோல்

யூடோல் என்ற வெள்ளாடும் அவள் குட்டி நோனோவும் மணிச் சுவரைச் சுற்றிக்கொண்டிருந்தார்கள். அது நூற்றிரண்டாவது சுற்று.

மணிச் சுவர் என்றதும் வீட்டுச் சுவர் என்று நினைத்துவிடாதீர்கள். பனிமலையின் அடிவாரத்தில், ஊருக்கு வெளியே, கல்மேல் கல்லாக அடுக்கிவைத்த நீளமான சுவர் அது. ஒவ்வொரு கல்லிலும் 'ஓம் மணி பத்மே ஹூம்' என்று செதுக்கியிருக்கும். அந்த ஊர்க்காரர்கள் எவ்வளவு அவசரமாகப் போனாலும் சுவரைத் தங்கள் வலக்கைப் பக்கம் விட்டுத்தான் நடப்பார்கள். அதன்மேல் ஏறிக் குதிப்பதைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். மந்திரத்தை யாராவது மிதிப்பார்களா?

யூடோலின் எஜமானி பல்மோ. தினமும் காலையில் பிரார்த்தனைக் கைச்சக்கரத்தைச் சுழற்றி மந்திரம் சொல்லிக்கொண்டே சுவரை வலம் வருவாள். ஒரு நாள் அவள் பக்கத்து வீட்டுக்காரியிடம், "வாயில்லா ஜீவன் சுற்றினாலும் புண்ணியம்தான். அடுத்த பிறவியிலே மனுஷனாப் பிறக்கும்" என்றாள். அது யூடோலின் காதில் விழுந்தது. காதோடு போயிருந்தால் பரவாயில்லை, மனசிலும் ஒட்டிக்கொண்டது.

'எனக்கு ஒன்றும் வேண்டாம். என் நோனோ மனுஷனாகப் பிறக்கட்டும். ஓநாய்க்கும் கத்திக்கும் பயப்படாமல், அடுப்பு ஓரத்தில் உட்கார்ந்து வெண்ணெய்த் தேநீர் குடிக்கட்டும்' என்று நினைத்தாள். நூற்றெட்டுச் சுற்று என்று நேர்ந்துகொண்டாள். குட்டியையும் கூடவே இழுத்துக்கொண்டு கிளம்பிவிட்டாள்.

பாவம், நோனோ பிறந்தே ஒரு மாதம்தான் ஆகிறது.

"அம்மா, பசிக்குது."

"இன்னும் ஆறு சுற்றுதான்டா கண்ணு."

"கால் வலிக்குதும்மா."

"எல்லாம் உனக்காகத்தான். வாயை மூடிக்கிட்டு நட."

யாருக்காக நடக்கிறோமோ அவன் நடக்க முடியாமல் பின்தங்குகிறான் என்பது அவளுக்கு உறைக்கவே இல்லை. நல்ல காரியத்தில் இறங்கிவிட்டால் சிலருக்குக் கண் தெரியாது.

இதையெல்லாம் ஒரு செந்நரி பாறை இடுக்கிலிருந்து மூன்று நாளாகப் பார்த்துக்கொண்டிருந்தது. முன்பல் ஆட்டம் கண்டுவிட்ட கிழ நரி. பெரிய ஆட்டிடம் அதன் ஜம்பம் பலிக்காது. குட்டி கிடைத்தால் போதும். ஆனால் தாயின் கொம்பை நினைத்து நெருங்காமலே இருந்தது.

அன்றைக்கு அது தைரியமாக யூடோலின் எதிரே வந்து, தலையைத் தாழ்த்தி நின்றது.

"எட்டி நில்லு!" என்று யூடோல் கொம்பைச் சாய்த்தாள்.

"பயப்படாதே தாயே. நான் கறியை விட்டு மூன்று மாதம் ஆச்சு. மடாலயத்து வாசலில்தான் படுத்துக் கிடக்கிறேன். பூஜை முடிந்து வெளியே வைக்கிற மாவு உருண்டைதான் எனக்குச் சாப்பாடு. பூஜையைக் கேட்டுக் கேட்டு எனக்கும் நாலு நல்ல விஷயம் தெரியும்."

பேச்சில் தேன் ஒழுகியது. யூடோலின் கொம்பு கொஞ்சம் நிமிர்ந்தது.

"எத்தனை சுற்று ஆச்சு?" என்று நரி கேட்டது.

"நூற்றிரண்டு நடக்குது."

"அடடா, கரையேறப் போகிற நேரம். ஆனால் ஒன்று சொல்கிறேன், தப்பாக எடுத்துக்கொள்ளாதே. நீ அடிக்கடி நின்று குட்டிக்காகத் திரும்பிப் போகிறாய். அப்போது சுவர் உன் இடப்பக்கம் வந்துவிடுகிறதே, கவனித்தாயா? ஒரு அடி அப்படி நடந்தாலும் போச்சு. சுற்றினது எல்லாம் அவிழ்ந்துவிடும். உன் பிள்ளை மறுபடியும் ஆடாகத்தான் பிறப்பான்."

யூடோலுக்குத் தூக்கிவாரிப் போட்டது. "நிஜமாகவா சாமி?"

"பெரிய லாமா வாயால் கேட்டேன்" என்று கூசாமல் புளுகிவிட்டு நரி போய்விட்டது.

அதற்குப் பிறகு யூடோல் திரும்பவே இல்லை. நோனோ கூப்பிட்டால் நின்ற இடத்திலிருந்தே, "வா, வா, சீக்கிரம் வா" என்பாள். சில சமயம் நிற்பதும் இல்லை.

நூற்றேழாவது சுற்று. வழக்கம்போலக் காலை வலம் வந்த பல்மோ முன்னால் போய்க்கொண்டிருந்தாள். யூடோல் நடுவில். நோனோ இருபது அடி பின்னால், ஒரு காலை இழுத்து இழுத்து வந்தான். பல்மோ சுவரின் முனையைத் திரும்பி மறைந்தாள். நரி அதற்காகத்தான் காத்திருந்தது.

"அம்மா!"

யூடோல் தலையை மட்டும் திருப்பினாள். நரி நோனோவின் பின்னங்காலைக் கவ்விப் பாறைப் பக்கம் இழுத்துக்கொண்டிருந்தது.

இருபதே அடிதான். அவள் உடம்பு பாய்ந்தது. கால் பாயவில்லை.

'திரும்பினால் எல்லாம் போய்விடுமே. முன்னால் ஓடிச் சுற்றிக்கொண்டு வந்தால்?' அப்படி வருவதற்குள் அடுப்பில் தண்ணீர் கொதித்துவிடும், அவ்வளவு நீளச் சுவர். அது அவளுக்கும் தெரியும். தெரிந்தும் நின்றாள்.

நரி வாயிலிருந்து காலை விடாமலே உறுமியது. "யோசி தாயே, நூற்றேழு சுற்று!"

"அம்மா, வலிக்குதும்மா!"

யூடோல் ஒரு அடி முன்னால் வைத்தாள். ஆமாம், முன்னால்தான் வைத்தாள். மறைப்பானேன்? நூற்றேழு சுற்றும் அவள் கழுத்தில் கயிறாக மாட்டி இழுத்தன.

மூன்றாவது முறை நோனோ கூப்பிடவில்லை. வாய் திறந்திருந்தது, சத்தம் வரவில்லை. அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தான்.

அந்தப் பார்வையைத் தாங்கிக்கொண்டு எந்தச் சொர்க்கத்துக்குப் போவது? யூடோல் திரும்பினாள். சுவர் இடப்பக்கம் வந்ததா, வலப்பக்கம் வந்ததா என்று அவள் பார்க்கவே இல்லை. இருபது அடியை நாலே பாய்ச்சலில் கடந்து நரியின் விலாவில் கொம்பால் ஓங்கி முட்டினாள். நரி உருண்டது. ஆனால் பசி அதை விடவில்லை. எழுந்து மறுபடியும் குட்டியின் மேல் பாய்ந்தது.

அதே நேரம் ஒரு கல் பறந்து வந்து நரியின் முதுகில் விழுந்தது.

கல்லை எறிந்தது பல்மோ. சத்தம் கேட்டு முனையிலிருந்து வந்த வழியே திரும்பி ஓடிவந்திருந்தாள். சுவர் அவளுக்கும் இடப்பக்கம்தான் இருந்தது. கைச்சக்கரத்தை எங்கேயோ போட்டுவிட்டிருந்தாள், தலைத்துணி அவிழ்ந்து தொங்கியது. மூச்சிரைக்க அடுத்த கல்லைத் தேடிக் குனிந்தாள். நரி பிடித்தது ஓட்டம்.

பல்மோ இடுப்புத் துணியைக் கிழித்து நோனோவின் காலில் கட்டினாள். எலும்பு முறியவில்லை. ஆனால் சதை கிழிந்து ரத்தம் கொட்டியது.

"கொஞ்சம் முன்னாடி வந்திருந்தா இந்தக் கடியும் பட்டிருக்காது" என்று அவள் தனக்குள் முனகினாள்.

அவள் தன்னைத்தான் சொல்லிக்கொண்டாள். ஆனால் அந்தச் சொல் யூடோலின் நெஞ்சில் தைத்தது. அந்த ஒரு அடியை நினைத்து அவளுக்கு வெட்கமாக இருந்தது. குட்டியின் முகத்தை நக்கினாள். நக்கிக்கொண்டே இருந்தாள்.

பல்மோ குட்டியைத் தோளில் போட்டுக்கொண்டாள். அன்றைய வலம் இன்னும் முடியவில்லை. ஆனால் ஊருக்குக் குறுக்கு வழி, வந்த திசையிலேயே திரும்பிப் போவதுதான். அவள் ஒரு கணம்கூடத் தயங்காமல் அந்தப் பக்கமே நடந்தாள். குட்டிக்கு நெருப்பும் வெந்நீரும் வேண்டுமே.

யூடோல் அவள் பின்னாலேயே போனாள். பாறைமேல் நின்ற நரிக்கு வயிற்றெரிச்சல் தாளவில்லை.

"முட்டாள் ஆடே! எல்லாப் புண்ணியமும் போச்சு! உன் பிள்ளைக்கு இனி மனுஷப் பிறவி கிடையாது!"

யூடோல் நின்று நிமிர்ந்து பார்த்தாள்.

"அடுத்த பிறவி இருக்கட்டும். இந்தப் பிறவியில் எனக்குப் பிள்ளை இருக்கான்" என்றாள்.

பக்கத்தில் ஓர் உயிர் துடிக்கும்போது திரும்பாத கால், எத்தனை முறை வலம் வந்தாலும் புண்ணியம் சேர்க்காது.