மழையைத் தேடிப் போன மருதமரம்

மரங்கள் நடந்த காலத்துக் கதை இது. நடந்தனவா என்று புருவத்தைத் தூக்காதீர்கள். நடந்தன. ஒன்றிரண்டு இல்லை, காடு காடாக நடந்தன.

மழை பொய்த்தால் வேரை உருவிக்கொண்டு கிளம்பிவிடும். எந்தப் பக்கம் மேகம் தெரிகிறதோ அந்தப் பக்கம் நடை. வழியில் இருக்கும் ஊர்க்காரர்கள், "மரம் வருது, வழி விடுங்கப்பா!" என்று மாட்டை ஓரமாக இழுத்துப் பிடித்துக்கொள்வார்கள்.

அப்படிக் கிளம்பிய காடு ஒன்றில் ஒரு மருதமரம் இருந்தது. ஆற்றங்கரையில் தண்ணீர் குடித்துக் குடித்துப் பெருத்த மரம். அதற்கு ஒரு குரு. குரு யாரென்றால், முருங்கை. சிரிக்காதீர்கள். மற்ற மரங்கள் சிரித்ததே போதும்.

"வேதாளம் ஏறுற மரத்துக்கிட்டப் போயா பாடம் கேக்குறே?" என்றது புளியமரம்.

"பேய் குடியிருக்கிற நீ இதைச் சொல்லாதே," என்றது மருதம்.

மருதத்துக்கு முருங்கையைப் பிடித்துப்போனதற்குக் காரணம் உண்டு. லேசாகக் காற்றடித்தாலே முருங்கைக் கிளை சடக்கென்று ஒடியும். அதற்காக அது அழுததே இல்லை. "விழுந்த எடத்துல பொழைச்சுக்குவான்," என்று சொல்லிவிட்டு மேலே நடக்கும். அந்தக் கிளையும் ஈரம் கண்டால் அங்கேயே துளிர்த்துவிடும்.

ஆனால் இந்தத் தடவை நடை நீண்டுகொண்டே போனது. ஒவ்வொரு ஊரிலும் மரங்கள் நின்று விசாரிக்கும்.

"மழை வந்துச்சா?"

"நாலு தூத்தல் போட்டுட்டு இப்பத்தாங்க போச்சு."

அடுத்த ஊரிலும் அதே பேச்சு. அதற்கடுத்த ஊரிலும் அதே. மருதத்தின் இலையெல்லாம் கொட்டிவிட்டது. வேர் நுனி தேய்ந்து காய்ந்துவிட்டது. இன்னும் கொஞ்ச தூரம் இப்படி நடந்தால் வழியிலேயே சாய்ந்து யார் வீட்டு அடுப்புக்கோ விறகாகிவிடுவோம் என்று அதற்குத் தெரிந்தது. பயந்துபோயிற்று.

"குருவே, இந்த மழையை எப்படித்தான் பிடிக்கிறது?"

"கொஞ்சம் பொறு. மேளச் சத்தம் கேக்குது. திருவிழா போல. பாத்துட்டுப் போவோம்."

"நான் சாகப் போறேன், உங்களுக்குத் திருவிழாவா?"

"சாகுறதுதான் சாகுறே, தேரைப் பாத்துட்டுச் சாகேன்."

காடு ஊருக்கு வெளியே இளைப்பாறியது. குருவும் சீடனும் தேரடிக்குப் போயின. ஒரே கூட்டம். காவடி ஒரு பக்கம், ராட்டினம் ஒரு பக்கம், பொரிகடலைக் கடை ஒரு பக்கம். அதற்கு நடுவில் ஒரு பெண் அழுதுகொண்டு நின்றாள். செங்கமலம் என்று பெயர். கழுத்தில் தாலி மஞ்சள் மாறாமல் இருந்தது.

"என்ன தாயி?" என்றது மருதம்.

"எங்க வீட்டுக்காரரைக் காணோம். வளையல் பாத்துட்டுத் திரும்புறேன், ஆளில்லை."

"பேரைச் சொல்லிக் கூப்பிட வேண்டியதுதானே?"

"ஐயையோ! கட்டுன புருஷன் பேரை நான் எப்படிங்க சொல்றது?" என்று அழுகைக்கு நடுவிலும் அவள் வெட்கப்பட்டாள். "இந்தக் கோயில்ல இருக்கிற சாமி பேருதான்."

மருதம் மூச்சை இழுத்து, "கந்தா!" என்று கத்தியது.

"கந்தனுக்கு அரோகரா!" என்றது கூட்டம் மொத்தமும்.

முருங்கை சிரித்த சிரிப்பில் ஒரு கிளை ஒடிந்தே போனது.

"கத்துனது போதும்," என்றது. "நீதான் பனை உசரம் இருக்கியே, பாத்துச் சொல்லு."

"பச்சைத் துண்டுங்க. கையில கரும்பு," என்றாள் செங்கமலம்.

மருதம் எட்டிப் பார்த்தது. "அதோ! வளையல் கடையில விசாரிக்கிறார்."

அவள் ஓடினாள். கடைக்காரர், "இப்பத்தாம்மா குளத்துப் பக்கம் போனாரு," என்றார். குளத்துக்கு ஓடினாள். அதற்குள் அவன் ராட்டினத்துக்குப் போய்விட்டான். ராட்டினத்துக்காரனிடம் அவள் கேட்கும்போது அவன் மறுபடி வளையல் கடையில் நின்றான். மேலிருந்து பார்த்த மருதத்துக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. சாவுப் பயம் எங்கே போனதோ தெரியவில்லை.

"குருவே, ரெண்டும் ஒண்ணையொண்ணு தேடியே தொலையுதுங்க!"

"அடப் பாவமே. என்ன செய்யலாம்?"

"இதுல யோசிக்க என்ன இருக்கு? ஒருத்தர் நின்னாப் போதும். இன்னொருத்தர் தானா வந்து சேருவாங்க."

"அப்படியா! போய் அந்தப் பொண்ணுகிட்டச் சொல்லு."

மருதம் போய்ச் சொன்னது. "இங்கேயே என் வேர் மேல உக்காரு தாயி. எங்கேயும் போகாதே."

"அவரு வரலைன்னா?"

"தேடுறவன் வராம எங்க போயிருவான்?"

அவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை. எழுந்து ஓடப் பார்க்கும்போதெல்லாம் மருதம் கிளையைக் குறுக்கே நீட்டித் தடுத்தது. கடைசியில் கூட்டத்தைப் பிளந்துகொண்டு பச்சைத் துண்டு வந்தது.

"எங்கடி போனே?"

"உங்களைத் தேடித்தான். நீங்க எங்க போனீங்க?"

"உன்னைத் தேடித்தான்!"

சண்டை போடத்தான் இருவரும் வாயைத் திறந்தார்கள். சிரிப்புதான் வந்தது. இத்தனை ஓட்டத்திலும் அவன் கரும்பைக் கீழே விடவில்லை.

தண்ணீர்ப் பந்தலில் வாங்கிக் குடித்தது போக, செம்பில் மிச்சம் இருந்த நீர்மோரைச் செங்கமலம் மருதத்தின் வேரில் ஊற்றினாள்.

"நீங்க யாரைத் தேடிப் போறீங்க?"

"மழையைத் தேடித்தான் தாயி. எந்த ஊர்ல கேட்டாலும், இப்பத்தான் போச்சு..."

மருதம் பாதியில் நிறுத்தியது.

ஊருக்கு வெளியே காடு கிளம்பிவிட்டது. "ஏ மருதா, வர்றியா இல்லையா?" என்று புளியமரம் கூப்பிட்டது.

மருதம் திரும்பிக் குருவைப் பார்த்தது. முருங்கை அதற்குள் தேரடி மண்ணில் வேரை இறக்கிச் சௌகரியமாக நின்றுகொண்டிருந்தது.

"குருவே, கிளம்பலையா?"

"மழையும் நம்மளைத் தேடி எந்தெந்த ஊர்ல அலையுதோ, பாவம்," என்றது முருங்கை.