காலி நாற்காலிக்கு நேர்காணல்

"மூணு கம்பெனி மிஸ். மூணுலயும் பரீட்சை பாஸ். நேர்காணல்ல கழிச்சுட்டாங்க."

மாதேஸ்வரி பிளஸ் டூ முடித்திருந்தாள். வேலை பார்த்துக்கொண்டே பட்டம் படிக்கலாம், படிப்புச் செலவு கம்பெனியுடையது என்றால் யார் விடுவார்கள்? மறுநாள் நாலாவது கம்பெனி. அதுவே கடைசி. அதுவும் போனால் திருப்பூர் பனியன் கம்பெனிதான் என்று அப்பா சொல்லிவிட்டார்.

ரெஜினா மிஸ் அப்படிச் சேர்ந்து படித்தவள். இப்போது ஞாயிறு மதியங்களில் சர்ச் பள்ளிக்கூடத்தில் பயிற்சி கொடுத்தாள்.

"விண்ணப்பத்தைக் கொடு."

கொடுத்தாள்.

"யார் எழுதினது?"

"பிரவுசிங் சென்டர் அண்ணன். எங்க ஊர்ல எல்லாருக்கும் அவர்தான் எழுதுவார்."

ரெஜினா படித்தாள். மேசைக்கு எதிரே ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

"உட்காரும்மா."

மாதேஸ்வரி உட்காரப் போனாள்.

"உன்னை இல்ல. நீ அந்தச் சுவரோரம் நில்லு."

ரெஜினா காலி நாற்காலியைப் பார்த்தாள்.

"உன் பேரு?"

கொஞ்சம் பொறுத்து, தலையசைத்தாள்.

"கிணத்து மோட்டார் ரிப்பேர் ஆனப்ப நீயே சரிபண்ணினேன்னு எழுதியிருக்கு. அப்படியா?"

நாற்காலி லேசாகக் கிறீச்சிட்டது.

"கெட்டிக்காரி. பயமா இல்லையா?"

காத்திருந்தாள். சிரித்தாள்.

"மிஸ், அங்க யாரும் இல்ல."

"குறுக்கே பேசாதே. அவ சொல்லிட்டிருக்கா."

மின்விசிறி ஓடவில்லை. ஆனாலும் மாதேஸ்வரிக்குக் கழுத்தில் சில்லென்றிருந்தது.

"கையைக் காட்டு, பாப்போம்." ரெஜினா குனிந்து பார்த்தாள். "மோட்டார் வேலை பார்த்த கையா இது? ஒரு தழும்பு இல்லையே."

மாதேஸ்வரி தன் வலது கையைத் துப்பட்டாவுக்குள் இழுத்துக்கொண்டாள்.

ரெஜினா திரும்பாமலே பேசினாள்.

"மூணு கம்பெனியும் கூப்பிட்டது இந்த விண்ணப்பத்துல இருக்கற இவளைத்தான். நல்லாப் பேசறா. நாளைக்கும் இவளே போகட்டுமா?"

"வேணாம் மிஸ்."

"ஏன்?"

"அவ பொய் சொல்றா."

ரெஜினா நாற்காலியிடம் சொன்னாள்: "நீ போலாம்மா."

சாத்தியிருந்த கதவு மெல்லத் திறந்தது.

"இப்ப நீ உட்காரு."

உட்கார்ந்தாள். இருக்கை சூடாக இருந்தது.

"மோட்டாரைச் சரிபண்ணினியா?"

"இல்ல மிஸ். நான்தான் எரிச்சேன்."

"எப்படி?"

"மூணு பேஸ் கரண்ட்ல ரெண்டுதான் வந்துச்சு. மூணாவதுக்குப் பதிலா கண்டென்சர் போட்டா ஓடும்னாங்க. அளவு பார்க்காமப் போட்டேன். ஓடிச்சு. உள்ளே காயில் கம்பி கருகின வாசனை வந்தப்பறம்தான் போய்த் தொட்டேன். கை ஒட்டிக்கிச்சு."

"அப்பா?"

"செருப்பால அடிச்சார். பயிர் காஞ்சிடுச்சு மிஸ்."

"அதோட விட்டுட்டியா?"

"இல்ல. கை ஆறினதும் கழட்டினேன். எந்தக் காயில் முதல்ல போச்சுன்னு தெரியணும்போல இருந்துச்சு."

"தெரிஞ்சுதா?"

மாதேஸ்வரி துப்பட்டாவிலிருந்து கையை எடுத்தாள். மேசைத் தூசியில் ஒரு வட்டம் போட்டாள். அதற்குள் கோடுகள் இழுக்கத் தொடங்கினாள். "இங்க பாருங்க மிஸ், இது முதல் பேஸ். இது..."

ரெஜினா எழுந்து போய், முதலில் உட்கார்ந்திருந்தவள் வெளியேறிய கதவைச் சாத்தித் தாழிட்டாள்.