யாராவது கத்தும் வரை

“ஆசான், ஒன்பது சர்வர் மென்பொருளையும் போட்டுப் பார்த்துட்டேன். இதுல எது உசத்தி? நீங்களே சொல்லிருங்க.”

கேட்டவர் வேதமாணிக்கம். நூற்பாலையில் சூப்பர்வைசராக இருந்து ஓய்வு பெற்றவர், வயது அறுபத்தொன்று. அவர் ஆசான் என்று அழைத்த ஜுனைதாவுக்கு முப்பத்திரண்டு.

வீட்டுப் படம், பாட்டு, வீடியோ எல்லாவற்றையும் சர்வர் என்கிற ஒரு பெட்டிக்குள் சேர்த்து, எந்த அறையில் இருந்தும் எந்த போனிலும் பார்க்க வழி செய்வது ஒரு வித்தை. பாளையங்கோட்டைப் பக்கம் அந்தப் பைத்தியம் பிடித்தவர்கள் பத்துப் பன்னிரண்டு பேர் உண்டு. அவர்கள்தான் ஜுனைதாவுக்கு ஆசான் என்று பெயர் வைத்தார்கள். கேலிக்காக வைத்தது. ஒரு வருஷத்தில் கேலி போய்விட்டது, பெயர் நின்றுவிட்டது.

ஜுனைதா வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து வேதமாணிக்கம் தன் நோட்டை நீட்டினார். சனிக்கிழமைதோறும் பழையதை அழித்து, புதியதை ஏற்றி, எது வேகம், எது மெமரியை அதிகம் தின்கிறது என்று கட்டம் போட்டு எழுதியிருந்தார். முப்பது வருஷம் ஷிப்ட் ரிப்போர்ட் எழுதிய கை. ஒரு அடித்தல் திருத்தல் கிடையாது.

ஜுனைதா ஒரு பக்கம் விடாமல் படித்தாள்.

“அருமையா எழுதியிருக்கீங்க அண்ணாச்சி.”

மனசாரத்தான் சொன்னாள். அவளுக்குப் பொய்யாகப் புகழத் தெரியாது.

“அப்போ எது உசத்தி?”

“இதை வீட்டுல யார் யார் பார்க்காங்க?”

“எல்லாரும்தான்.”

ஜுனைதா எழுந்தாள். அரிசி டிரம்முக்குப் பக்கத்தில், திரை உடைந்து பேட்டரி செத்துப்போன ஒரு பழைய லேப்டாப் ஓடிக்கொண்டிருந்தது. அந்த வீட்டின் சர்வர் அதுதான். அதன் வயரைப் பிடித்து உருவினாள்.

மாடியில் இருந்து மாமியார் குரல் வந்தது. “ஏம்மா ஜுனைதா! ஹஜ்ரத் பேசுற பயான் பாதியில நின்னுட்டுல்லா!”

பின்கட்டில் இருந்து மகள். “அம்மா, என் படம் போச்சு!”

வாசலில் இருந்து புருஷன். “யாரு அதுல கைய வச்சது?”

ஜுனைதா வயரைத் திரும்பச் சொருகினாள். வீடு அடங்கியது.

வேதமாணிக்கத்துக்குப் பொறுக்கவில்லை. “இதுல என்ன மென்பொருள் போட்டிருக்கீங்க ஆசான்?”

“போட்டு ஆறு வருஷம் ஆச்சு. பேரு மறந்துபோச்சு.”

இந்த வட்டாரத்தில் எந்த சர்வர் படுத்தாலும் எழுப்பிவிடுகிறவளுக்குத் தன் வீட்டுச் சர்வரின் பெயர் நினைவில்லையாம்!

“நீங்களும் போய் வயரை உருவுங்க. யாராவது கத்துற வரைக்கும் சும்மா இருங்க. முதல்ல கத்துறவங்ககிட்ட கேளுங்க, எது உசத்தின்னு.”

வேதமாணிக்கம் நாலு மணிக்குத் தன் வீடு வந்து சேர்ந்தார். எல்லாரும் இருந்தார்கள். சர்வர் வயரை உருவிவிட்டு, பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

பத்து நிமிஷம் போயிற்று.

மகன் போனில் கிரிக்கெட் பார்த்தான். மருமகள் பாட்டுக் கேட்டபடி துணி மடித்தாள். மனைவி லில்லி புஷ்பம் லேப்டாப்பில் ஏதோ வீடியோ பார்த்தாள்.

ஒரு மணி நேரம் போயிற்று. ஒருவரும் கத்தவில்லை.

வயர் நிஜமாகவே உருவித்தான் கிடக்கிறதா என்று குனிந்து பார்த்தார். கிடந்தது.

லில்லி காது கேளாத பிள்ளைகளின் பள்ளியில் ஆசிரியை. அவள் பார்த்த வீடியோவில் பிள்ளைகள் சைகை மொழி பழகிக்கொண்டிருந்தார்கள்.

“லில்லி, இது எங்கே இருந்து ஓடுது?”

“பென்டிரைவ்ல இருந்து.”

“நம்ம சர்வர்ல வைக்கலாமே?”

லில்லி வீடியோவை நிறுத்தினாள். “கனி வீடியோ போச்சுல்லா. அதுக்கப்புறம் நான் அதுல எதையும் வைக்கதில்ல.”

கனி லில்லியிடம் படிக்கிற ஐந்து வயதுச் சிறுமி. ‘அம்மா’ என்று முதல் தடவை கையால் சொன்னதை லில்லி படம் எடுத்திருந்தாள். மூன்றாவது சனிக்கிழமை பழைய மென்பொருளை அழித்தபோது அதுவும் சேர்ந்து அழிந்தது. நகல் எடுத்துத்தான் வைத்திருந்தார் வேதமாணிக்கம், அழிக்கப்போகிற அதே டிஸ்க்கில். ‘விடு, வேற எடுத்துக்கலாம்’ என்று சொல்லிவிட்டு, நோட்டில் ‘வேகம் நன்று’ என்று எழுதினார்.

“இதைத் தொடுறதே இல்லன்னு ஒரு வார்த்தை சொல்லலியே நீ?”

“நீங்க ஆசையா செய்யுறீங்க. எதுக்குக் கெடுக்கணும்னு விட்டுட்டேன்.”

அவர் பேனாவை மூடி வைத்தார். பிறகு கேட்டார்.

“உனக்கு என்ன வேணும் லில்லி?”

“வச்சது வச்ச இடத்துல இருக்கணும். வேற ஒண்ணும் வேண்டாம்.”

அன்று ஒன்பதில் ஒன்றை ஏற்றினார். இன்னொரு டிஸ்க்கில் நகல் எடுத்து, அதைத் திரும்ப ஏற்றியும் பார்த்துவிட்டு, பீரோவில் வைத்துப் பூட்டினார். அடுத்த சனிக்கிழமை கை துறுதுறுத்தது. தொடவில்லை. அதற்கடுத்த சனிக்கிழமையும் தொடவில்லை.

ஐந்தாவது வாரம் லில்லி ஒரே ஒரு வீடியோவை அதில் வைத்தாள். அவர் பார்த்தும் பார்க்காத மாதிரி இருந்துகொண்டார்.

நாலு மாதம் கழித்து ஒரு சனிக்கிழமை மத்தியானம் ஜுனைதாவுக்கு போன் வந்தது.

“ஆசான், தூசி தட்டும்போது வயர் கழண்டுட்டு.”

பின்னால் ஒரு பெண் குரல் கேட்டது. “ஏங்க! அந்தப் பெட்டிக்கு என்ன ஆச்சு? என் பிள்ளைங்க வீடியோ பாதியில நிக்கு!”

“கத்துறா ஆசான்,” என்றார் வேதமாணிக்கம். “லில்லி கத்துறா.”

“போன்ல என்ன பண்றீங்க அண்ணாச்சி? போய் வயரைச் சொருகுங்க.”