சுடலைமணியின் கைராசி

கோவில்பட்டிப் பக்கம் ஒரு பட்டறையில் இரண்டு மின்சுற்றுப் போர்டுகள் ஒன்றன்மேல் ஒன்றாக இருந்தன. கீழ்ப்போர்டு மின்சாரம் கொடுக்கும். தடுப்பூசிப் பெட்டியில் குளிர் குறைந்தால் மேல்போர்டு மணியடிக்கும். நடுவே, அந்த மின்சாரத்தை மேலே கடத்த, வரிசையாகப் பித்தளைப் பின்கள். ஒவ்வொன்றின் வயிற்றிலும் ஒரு ஸ்ப்ரிங். அமுக்கினால் இறங்கும், விட்டால் எழும்பும். மலிவுச் சரக்கு என்பதால் அவற்றை யாரும் மதிப்பதில்லை. அதில் நடுப்பின்னுக்கு மட்டும் வாய் கொஞ்சம் நீளம்.

அந்தப் பட்டறையில் ஒரு வழக்கம். எதைச் செய்தாலும் முதலாளி சுடலைமணியின் கைதான் முதலில் பட வேண்டும். கைராசிக்காரர். மேல்போர்டில் கட்டைவிரலை ஊன்றிக்கொண்டு சுவிட்சைப் போடுவார். அதிலுள்ள விளக்கு எரியும், எல்லோரும் கைதட்டுவார்கள். அவர் டீ குடிக்கப் போனதும் அணைந்துவிடும்.

"அண்ணாச்சி கை விலகுனா எரிய மாட்டேங்குதே" என்று வியப்பார்கள்.

நடுப்பின்னுக்குப் பற்றிக்கொண்டு வரும். "அவரு அமுக்கும்போது மேல்போர்டு இறங்கி என்னைத் தொடுது. கைய எடுத்தா ஏறிப் போயிடுது. இதுல ராசி எங்கேருந்து வந்துது?"

"நான் இறங்கி வரணுமாக்கும்?" என்றது மேல்போர்டு. "உனக்குத்தான் ஸ்ப்ரிங் இருக்கே, எட்டிப் பிடி."

"எட்டுற மட்டும் எட்டியாச்சு. இன்னும் எட்டுனா வயித்துல உள்ளது வெளிய வந்து விழும்."

"என் பங்கை நான் குடுத்தாச்சு. போய்ச் சேரலன்னா நடுவுல நிக்கிறவன் பாடு" என்றது கீழ்ப்போர்டு.

"ரெண்டு பேரும் மயிரிழை நெருங்கி இருந்தாப் போதுமே."

"இவனோடயா?" என்றன இரண்டும். அந்த ஒன்றில் மட்டும் அவற்றுக்குள் ஒற்றுமை.

சுகாதார நிலையத்துக்கு இந்த இரட்டைப் போர்டுக் கருவியை அனுப்ப வேண்டிய நாள் வந்தது. அன்றும் விளக்கு அணைந்தது. சுடலைமணி பொறுமை இழந்தார்.

"மலிவுப் பின்னு வாங்குனா இப்படித்தான். எல்லாத்தையும் பிடுங்கிக் குப்பையில போடு."

கருவியை வடிவமைத்த பொன்செல்வி குறடு ஒன்றை எடுத்தாள். நடுப்பின் நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்த்தது. இத்தனை நாள் கத்தியதெல்லாம் வீண்.

குறடு பக்கத்தில் வந்து நின்றது.

"அண்ணாச்சி, கடைசியா ஒருக்கா கைய வைங்க. அமுக்காதீங்க, சும்மா தொட்டுக்கிட்டு இருங்க."

அவர் தொட்டார். விளக்கு எரியவில்லை.

"இப்ப அமுக்குங்க."

எரிந்தது.

பொன்செல்வி குனிந்து போர்டுகளின் இடுக்கைப் பார்த்தாள். மூலைக்கு ஒன்றாக நின்று இரண்டையும் பிரித்து வைத்த குழாய்களைத் தட்டிக் காட்டினாள்.

"நான்தான் இதை ஒசரமா வச்சிட்டேன். பின்னு மேல தப்பில்ல."

குட்டையான குழாய்களைப் போட்டு முடுக்கினாள். மேல்போர்டு முனகிக்கொண்டே இறங்கியது. பின்கள் பாதி அமுங்கி, திருப்பித் தள்ளி, கெட்டியாகத் தொட்டுக்கொண்டன. யார் கையும் படாமல் விளக்கு எரிந்தது.

"இறங்கி வந்தது நானாக்கும்" என்றது மேல்போர்டு.

"தாங்கி நிக்கிறது நான்" என்றது கீழ்ப்போர்டு.

சுடலைமணி தன் கட்டைவிரலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "கைய எடுத்த பொறவும் எரியுது பாத்தியா? அதுக்குப் பேருதான் கைராசி."

நடுப்பின்னுக்குப் பதில் வாய்வரை வந்துவிட்டது. ஆனால் மேல்போர்டைத் தொட்டிருக்கும் வாயை எடுத்தால் விளக்கு அணைந்துவிடும். மூடிக்கொண்டு நின்றது.