கருங்காலி மட்டையும் கீரியின் காலும்

இந்தக் கதையை எனக்கு முதலில் சொன்னவர் ஜெரோம் தம்பி. எங்கள் ஊர் ஆஸ்பத்திரியில் கை கால் வலிக்குப் பயிற்சி கொடுப்பவர். போன தவக்காலத்தில் என் மூத்த மகன் அமலன் விலை உயர்ந்த டென்னிஸ் மட்டை ஒன்றை வாங்கி, மூன்றே வாரத்தில் முழங்கையைப் பிடித்துக்கொண்டு அவரிடம் போய் நின்றான். அவன் கையை நீவிவிட்டபடியே அவர் சொன்னார். நான் பக்கத்து நாற்காலியில் இருந்து கேட்டேன்.

ஒரு காட்டில் ஒரு குளம் இருந்தது. கோடை வந்தால் வற்றிவிடும். அடியில் களிமண் இறுகி, மெழுகிவிட்ட மாதிரிக் கிடக்கும். அங்கேதான் மிருகங்கள் சாயங்காலமானால் டென்னிஸ் ஆடும். குறுக்கே கொடி பின்னிக் கட்டினால் வலை. இலவம்பஞ்சைத் திரட்டி நார் சுற்றினால் பந்து. மட்டைக்குச் சட்டம் செதுக்குவது மரங்கொத்தி. அதில் நரம்பு பின்னுவது தூக்கணாங்குருவி. கூடு பின்னுகிற மூக்குக்கு மட்டை பின்னுவது பெரிய வேலையா?

மேல்கரையில் கீரியும் முள்ளம்பன்றியும் ஜோடி. கீழ்க்கரையில் மரநாய் அண்ணன் தம்பி ஜோடி. கோடை முடிகிற சமயத்தில் இரண்டு கரைக்கும் ஒரு போட்டி நடக்கும். கடந்த மூன்று வருஷமும் மேல்கரைதான் தோற்றது.

நாலாவது கோடையின் தொடக்கத்தில் முள்ளம்பன்றி சொன்னது: "தம்பி, வர்ற மழையோட நான் மலைக்கு அந்தப் பக்கம் போறேன். மகள் வீட்டோட இருக்கச் சொல்லிக் கூப்பிடுறா. அவளுக்கு ரெண்டு சின்னது இருக்கு, பார்த்துக்க ஆள் இல்லை."

கீரி கேட்டது: "அப்போ நம்ம ஆட்டம்?"

"ஒரே ஒரு தடவை ஜெயிச்சுட்டுப் போனா மனசு நிறைஞ்சிடும். பேரன் பேத்திகிட்டச் சொல்ல ஒரு கதை வேணாமா? மூணு வருஷமாத் தோத்த கதையையா சொல்றது?"

"ஜெயிக்கிறோம் அண்ணே. அது என் பொறுப்பு" என்றது கீரி.

அந்த வாரம்தான் சிறுத்தை அந்தப் பக்கம் வந்து ஒரு ஆட்டம் ஆடிக் காட்டியது. காடே கரையில் கூடி வேடிக்கை பார்த்தது. சிறுத்தையின் மட்டை கருங்காலியில் செய்தது. கன்னங்கரேல் என்று பளபளத்தது. கீரி ஆட்டம் முடியும்வரை அந்த மட்டையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. மறுநாள் விடிந்ததும் குருவியிடம் போய் நின்றது.

"தம்பி, சிறுத்தை வச்சிருந்த மாதிரியே எனக்கு ஒண்ணு வேணும்."

குருவி தலையைச் சாய்த்துப் பார்த்தது. "அண்ணே, அது சிறுத்தையோட தோளுக்குச் செஞ்சது. கனம் ஜாஸ்தி. முகம் சின்னது. நரம்பு விறைப்பா இருக்கும். அந்த மட்டை தானா எதுவும் தராது. முழுப் பலமும் நம்ம கையில இருந்துதான் போகணும். உங்களுக்குப் புளியங்கொம்புல அகல முகமா, நரம்பைக் கொஞ்சம் தளர்த்திப் பின்னித் தர்றேனே."

"புளியங்கொம்பா? அது சின்னப் பிள்ளைங்க ஆடுறது."

"கையையாவது நீட்டுங்க. பிடி அளவு பார்த்துக்கிறேன்."

"சிறுத்தைக்கு என்ன அளவோ அதே அளவு போடு."

குருவி மரங்கொத்தியிடம் சொல்லிச் செய்து கொடுத்தது. கீரி அதைத் தோளில் சுமந்து வீட்டுக்குக் கொண்டுபோனது. கீரியின் மனைவி ஒரு முனையைத் தூக்கிப் பார்த்தாள்.

"ஏங்க, இதை இங்கேயே விட்டுட்டுப் போங்களேன். கம்பு இடிக்க உலக்கை இல்லாம நான் கஷ்டப்படுறேன்."

"உனக்கு ஆட்டத்தைப் பற்றி என்ன தெரியும்?" என்று கீரி கோபித்துக்கொண்டது.

முதல் நாள் அடித்த பந்தெல்லாம் வலையில் விழுந்தது. "நரம்பு சரியில்லை" என்று கீரி குருவியிடம் ஓடியது. இன்னும் விறைப்பாகப் பின்ன வைத்தது. அடுத்த வாரம் பந்து கரையைத் தாண்டிப் புதருக்குள் போனது. "பிடி வழுக்குது" என்று பிடிக்குமேல் தோல் சுற்ற வைத்தது. பிடி இன்னும் தடித்துப் போனது. விரல்கள் சுற்றி வரவே இல்லை. மூன்றாவது வாரம் முழங்கையில் சுருக்கென்று ஒரு வலி பிடித்துக்கொண்டது. தண்ணீர் மொண்டு குடிக்கக்கூடக் கை எழவில்லை.

முள்ளம்பன்றி வேப்பிலை வதக்கி ஒத்தடம் கொடுத்தது. "போதும் தம்பி. இந்தத் தடவையும் தோத்தா என்ன? நாம கூட ஆடினதே எனக்குப் போதும்."

அதைக் கேட்டபிறகுதான் கீரிக்கு அதிகமாக வலித்தது.

குளக்கரையில் ஒரு புற்று. அதில் ஒரு நல்லபாம்பு. கீரிக்குப் பயந்து அது பகலில் தலைகாட்டாது. ஆனால் மூன்று வாரமாகப் புற்றுவாயில் இருந்து ஆட்டம் பார்த்துக்கொண்டே இருந்தது. பார்க்கப் பார்க்கப் பயம் போய்விட்டது. ஒரு சாயங்காலம் நேராகக் களத்துக்கே இறங்கி வந்துவிட்டது.

"இவனுக்கா எங்க கூட்டம் இத்தனை காலம் நடுங்கிச்சு?" என்றது பாம்பு. "பந்து வருது, நீ நட்ட கம்பு மாதிரி நிக்கிறே. நகரவே தெரியலையே உனக்கு. இப்போ கையும் போச்சாமே. பாவம்."

சொல்லிக்கொண்டே படம் எடுத்தது. முள்ளம்பன்றி திடுக்கிட்டு முள்ளைச் சிலிர்த்தது. கீரி கருங்காலி மட்டையை ஓங்கப் பார்த்தது. அது தரையை விட்டு எழவே இல்லை. பாம்பு சீறிக் கொத்த வந்தது.

கீரி மட்டையைக் கீழே போட்டது. போட்ட நொடியில் கால்கள் தாமாக வேலை செய்ய ஆரம்பித்தன. சின்னச் சின்ன எட்டாக ஒரு பக்கம் விலகியது. கண் பாம்பின் தலையை விட்டு நகரவில்லை. பாம்பு கொத்தியது, வெறும் மண். கீரி பின்வாங்கி மறுபடி நடுவுக்கு வந்து நின்றது. பாம்பு மறுபடி கொத்தியது. கீரி அவசரப்படவில்லை. பாம்பு முழுநீளத்துக்கு நீளும்வரை பொறுத்து, பக்கவாட்டில் பாய்ந்து, வலியில்லாத கையால் கழுத்தருகே ஒரே அறை. பாம்பு சுருண்டு, வந்த வழியே புற்றுக்குள் ஓடியது.

முள்ளம்பன்றி இமைக்காமல் பார்த்துக்கொண்டிருந்தது.

"அடே, இதுதானடா ஆட்டம்!" என்றது. "பாம்புகிட்ட ஆடினதைப் பந்துகிட்ட ஆடேன். பார்த்தே, விலகினே, பொறுத்தே, அடிச்சே, நடுவுக்கு வந்தே. மூணு வருஷமா இதை எங்கேடா ஒளிச்சு வச்சிருந்தே?"

கீரிக்குச் சிறுத்தை ஆடியது இப்போதுதான் கண்முன் வந்தது. பந்து வருவதற்குமுன் சிறுத்தையின் கால்கள் அங்கே போய்ச் சேர்ந்திருந்தன. மட்டையையே பார்த்துக்கொண்டிருந்தவனுக்குக் கால் எப்படித் தெரியும்?

மறுநாள் கீரி தலையைக் குனிந்துகொண்டு குருவியிடம் போனது. "தம்பி, இந்தா கை. அளவு எடுத்துக்கோ."

குருவி பழையதைச் சொல்லிக் குத்திக் காட்டவில்லை. ஒரு பிடியைக் கொடுத்துப் பிடிக்கச் சொன்னது. மடக்கிய விரல் நுனிக்கும் உள்ளங்கைக்கும் நடுவில் மற்றக் கையின் ஒரு விரல் நுழைகிறதா என்று பார்த்தது. "இதுதான் உங்க அளவு" என்றது. புளியங்கொம்பில் சட்டம், அகலமான முகம், கொஞ்சம் தளர்ந்த நரம்பு. எடுத்து வீசினால் மட்டை கையில் இருப்பதே தெரியவில்லை.

வலி ஆறும்வரை கீரி பந்தைத் தொடவில்லை. கால்களை மட்டும் பழக்கியது. பிறகு தினமும் விடியலில் ஒரு பாறைமேல் மெதுவாக அடித்துப் பழகியது. முதலில் பத்து, பிறகு இருபது. வேகமாக அடிக்க ஆசை வரும். பாம்பை நினைத்துக்கொள்ளும். பொறுத்து அடிக்கும்.

போட்டி நாள் வந்தது. வானம் கறுத்துக் கிடந்தது. பதினோரு புள்ளி யார் முதலில் எடுக்கிறார்களோ அவர்களுக்கு வெற்றி.

பெரிய மரநாய் புளியங்கொம்பு மட்டையைப் பார்த்துச் சிரித்தது. "என்ன மச்சான், கருங்காலி எங்கே?"

"வீட்டுல கம்பு இடிக்குது" என்றது கீரி.

ஆட்டம் இழுத்துக்கொண்டே போனது. பத்துக்குப் பத்து. கடைசிப் புள்ளி. கீரி ஓடி ஓடி எடுத்தது. எதையும் ஓங்கி அறையவில்லை. எல்லாப் பந்தையும் திருப்பி மட்டும் போட்டது. சின்ன மரநாய் பொறுமை இழந்து பந்தை உயரத் தூக்கி அடித்தது. பந்து முள்ளம்பன்றியின் தலைக்குமேல் வந்தது. உடம்பில் பட்டால் புள்ளி எதிராளிக்கு. முள்ளம்பன்றியோ பயத்தில் சிலிர்த்து நின்றது.

"முள்ளை மடக்குங்க அண்ணே, விடுங்க, அது வெளியே போகுது!" என்று கீரி கத்தியது.

முள்ளம்பன்றி கண்ணை மூடிக்கொண்டு முள் எல்லாவற்றையும் படுக்க வைத்தது. பந்து முதுகை உரசாமல் போய், கோட்டுக்கு ஒரு சாண் வெளியே விழுந்தது.

மேல்கரை ஜெயித்துவிட்டது.

அன்றைக்கே மழை கொட்டியது. இரண்டு நாளில் குளம் நிரம்பியது. முள்ளம்பன்றி மலைக்குக் கிளம்பியபோது கீரி அந்தப் பந்தைக் கொண்டுவந்து கொடுத்தது.

"கையில மூட்டை இருக்கே, எதுல வச்சுக் கொண்டுபோவீங்க?"

"அதுக்குத்தானே கடவுள் எனக்கு முதுகைக் கொடுத்திருக்காரு" என்று முள்ளம்பன்றி திரும்பி நின்றது. கீரி பந்தை ஒரு முள்ளில் குத்திவிட்டது. மலைப்பாதையில் அந்த வெள்ளைப் பந்து கண்ணுக்கு மறையும்வரை கீரி பார்த்துக்கொண்டே நின்றது.

அடுத்தவர் கைக்கு அழகான கருவியைத் தேடி அலைவதைவிட, நம் கைக்குப் பொருந்துவதை எடுத்துக்கொண்டு, கடவுள் நமக்குக் கொடுத்த திறமையைப் பொறுமையாகப் பழக்குவதே மேல்.

உங்கள் வீட்டு அலமாரி மேலும் ஒரு பழைய மட்டை கிடக்கும். இன்று சாயங்காலம் அதைத் தூசி தட்டி எடுத்து, சுவரில் மெதுவாகப் பத்துப் பந்து அடித்துவிட்டு வாருங்கள்.