டிரில்லிங் மிஷினும் டெம்போ ஜாக்கியும்

தீர்ப்புச் சொல்ல வேண்டியவர்கள் நீங்கள். அதனால் நடந்ததை ஒன்று விடாமல் கேட்டுக்கொள்ளுங்கள்.

கோயம்புத்தூரில் கணபதிப் பக்கம், பம்புக்கு உதிரிப்பாகம் செய்யும் சின்னப் பட்டறை. முதலாளி நாச்சிமுத்து. அங்கிருந்த டிரில்லிங் மிஷினில் ஆறு வருஷமாகத் துளை போட்டு வந்தவள் மரகதம். வெள்ளிக்கிழமைதோறும் மிஷினுக்குக் குங்குமம் வைத்து, மாரியம்மனை நினைத்துக் கும்பிட்டுவிட்டுத்தான் சுவிட்சைத் தொடுவாள்.

அந்த மிஷினில் ஒரு தொல்லை இருந்தது. துளை போட வேண்டிய இரும்பை வைக்கிற மேஜை, பின்னால் நிற்கும் தூணைப் பிடித்துக்கொண்டிருக்கும். பெரிய உருப்படி வந்தால் மேஜையை இறக்க வேண்டும்; சின்னது வந்தால் ஏற்ற வேண்டும். அதற்கென்று சக்கரமோ கைப்பிடியோ கிடையாது. பூட்டுத் திருகைத் தளர்த்தி, குனிந்து, அந்த வார்ப்பிரும்புக்கு அடியில் தோளைக் கொடுத்து, மூச்சைப் பிடித்துத் தூக்க வேண்டும். தூக்கியபடியே திருகை இறுக்க வேண்டும். ஒரு நாளைக்கு ஏழெட்டுத் தடவை. மரகதத்தின் வலது தோள் கன்றிக் கறுத்தே போயிற்று.

"ஏனுங்க, இதுக்கொரு வழி பண்ணுங்க" என்று அவள் கேட்காத மாதமில்லை.

"பண்ணலாம், பண்ணலாம்" என்பார் நாச்சிமுத்து. அவள் முனகிக்கொண்டே போய் மறுபடி தோளைக் கொடுப்பாள்.

கடைசியில் அவளே வழி கண்டுபிடித்தாள். புருஷன் ஓட்டும் டெம்போ ஒருநாள் பஞ்சர். ஜாக்கியை வைத்து அவர் கம்பியைச் சுற்ற, அவ்வளவு பெரிய வண்டி மெதுவாக எழும்புவதைப் பார்த்துக்கொண்டே நின்றாள். மறுநாள் அந்த ஜாக்கி மஞ்சள் பையில் பட்டறைக்கு வந்துவிட்டது.

ஃபிட்டர் ஞானப்பிரகாசம் அதை மிஷினின் அடித்தட்டில் நிறுத்தி அளவு பார்த்தார். "வெல்டு வெச்சா அசையாது. ஆனா டெம்போ நடுரோட்டுல நின்னா அக்கா எங்க போவாங்க? நாலு போல்ட்டு போதும், வேணுங்கறப்ப கழட்டிக்கலாம்."

டீ குடித்துக்கொண்டிருந்த நாச்சிமுத்து, "அதுவும் சரிதான்" என்றார்.

அதன் பிறகு கம்பியைச் சுற்றினால் போதும், மேஜை தானாக ஏறியது. இரண்டு மாதம் மரகதம் தோளுக்குத் தைலம் தேய்க்கவில்லை.

மூன்றாம் மாதம் ஒரு திங்கட்கிழமை. மிஷின் முன்னால் சுகந்தி என்ற புதுப்பெண் நின்றாள்.

"இனி யார் வேணும்னாலும் ஏத்தி இறக்கலாமே" என்றார் நாச்சிமுத்து. "நீ கீழ உக்காந்து துளை ஓரத்துப் பிசிறு தட்டும்மா. வயசான காலத்துல உனக்கும் சவுகரியம்."

மரகதத்துக்கு நாற்பத்தெட்டு வயது. 'மாரியம்மா, என் வாயைக் கட்டு' என்று வேண்டிக்கொண்டு அரத்தைக் கையிலெடுத்தாள். அரம் இரும்பில் உரசுகிற ஒவ்வொரு தடவையும் பல்லைக் கடித்தாள். தன் மூளையில் உதித்தது, தன் வீட்டிலிருந்து வந்தது, தன்னையே தரையில் தள்ளிவிட்டது. மூன்று நாள் பொறுத்தாள். நான்காம் நாள் அம்மனும் கைவிட்டாள், வாய் திறந்துகொண்டது.

"அந்த ஜாக்கி என்னுதுங்க."

"மிஷின்ல மாட்டுனா அது மிஷினோடது."

"என் தோளு கூட ஆறு வருஷம் மிஷின்லதான் இருந்துச்சு. அதையும் எழுதி வாங்கிக்கங்க."

சோற்று நேரம் வந்தது. மிஷின் நின்றது. மரகதம் எழுந்து போய், மேஜையின் பூட்டுத் திருகை இறுக்கினாள். அது போதாதென்று ஒரு மரக்கட்டையை முட்டுக் கொடுத்தாள். நாலு போல்ட்டையும் கழற்றி, அவை பட்டறைச் சாமான் என்று மேஜை மேலேயே வரிசையாக வைத்தாள். ஜாக்கியை மட்டும் பையில் போட்டாள். ஞானப்பிரகாசம் தூக்குச்சட்டியை விட்டுத் தலை தூக்கவில்லை.

நாச்சிமுத்து ஓடி வந்தார். "இது திருட்டு. நாளைக்கு உருப்படி போகணும், என் வேலையைக் கெடுக்கறியா?"

"பட்டப்பகல்ல, பத்துப் பேர் சோறு தின்னுட்டுப் பாக்க, எந்த ஊர்லீங்க திருடுவாங்க?"

அவர் சுகந்தியிடம் திரும்பினார். "நீ வேலையைப் பாரு. இந்தக்கா இத்தனை வருஷம் தோள்லதான தூக்குச்சு."

சுகந்தி கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். "அக்கா தூக்குனாங்க. நான் தூக்க மாட்டேனுங்க. ஜாக்கி ஒண்ணு வாங்கிப் போடுங்க, அப்புறம் தொடறேன்."

"உன்னையும் அனுப்பிருவேன்."

"அனுப்புங்க. அடுத்து வர்றவளும் இதையேதான் கேப்பா."

நாச்சிமுத்து மேல் வந்த கோபத்தைவிட, இந்த வார்த்தையைக் கேட்டு மரகதத்துக்கு வந்த கோபம் பெரிது. திங்கட்கிழமை வந்தவள், அலுங்காமல் நிற்கிறாள். ஏன் அப்படிக் கோபம் வந்ததென்று மரகதத்துக்கே தெரியவில்லை.

இப்போது சொல்லுங்கள். மாட்டியது மிஷினுக்கே சொந்தம் என்ற நாச்சிமுத்து, கொடுத்ததைக் கழற்றிக்கொண்ட மரகதம், தொடவே மாட்டேன் என்ற சுகந்தி. இதில் யார் செய்தது சரி?

விடை: நாச்சிமுத்துவின் பேச்சு போல்ட்டு மாட்டிய அன்றைக்கே அடிபட்டுப் போயிற்று. கழற்றிக்கொள்ளலாம் என்றபோது "சரிதான்" என்றது அவர் வாய். மரகதம் எடுத்தது அவள் பொருள். திருகை இறுக்கி, கட்டை கொடுத்து, யார் கையும் நசுங்காமல் எடுத்தாள். அதில் குற்றமில்லை. ஆனால் ஜாக்கி போன பிறகும் அந்த மேஜையைத் தூக்க ஒரு தோள் வேண்டியிருந்தது. அந்தத் தோளைத் தர மறுத்தவள் சுகந்தி. அவள் செய்ததுதான் சரி. மரகதமும் மாதம் தவறாமல் கேட்டவள்தான். கேட்டுவிட்டுத் தூக்கினாள். சுகந்தி கேட்டுவிட்டு நின்றாள். மரகதத்தின் கோபம் அந்தப் பெண் மேல் இல்லை, ஆறு வருஷம் குனிந்த தன் முதுகின் மேல்.